உறுதி அவைக் குறிப்பில் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓர் உறுப்பினர் சர்ச்சையாக ஏதாவது பேசுகிறார். எதிர்ப்பு கிளம்புகிறது. "சொன்னது சொன்னதுதான், பின்வாங்க மாட்டேன்" என்கிறார். மறுநாள் அது தலைப்புச் செய்தி. அதே உறுப்பினர் அதே விஷயத்தில் மசோதா வந்த அன்று அவையில் இருந்தாரா, திருத்தம் கொடுத்தாரா, எந்தப் பக்கம் வாக்களித்தார், குழு அறிக்கையில் என்ன எழுதினார் என்பதெல்லாம் செய்தியில் ஒரு வரி கூட வருவதில்லை. கொள்கை உறுதியை மைக் முன்னால் அளக்கிற இந்தப் பழக்கத்தால் வாசகருக்கும் வாக்காளருக்கும் நஷ்டம்தான். உண்மையிலேயே ஒரு கருத்துக்காக விலை கொடுப்பவர் கண்ணில் படாமல் போகிறார். கூச்சல் போடுபவர் கொள்கைவாதி ஆகிவிடுகிறார்.

"கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு தனி உறுப்பினரால் என்ன செய்ய முடியும், கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டியதுதானே" என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. உறுப்பினர்களே இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். இது பாதிதான் சரி. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

1985-ல் 52-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. அதன்படி கட்சி உறுப்பினர் பதவி இழப்பதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கட்சி உறுப்பினர் பொறுப்பைத் தானாக விட்டுவிடுவது. இரண்டு, கட்சியின் உத்தரவுக்கு மாறாக அவையில் வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. இரண்டாவதில் எல்லோரும் மறந்துவிடுகிற இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முன்கூட்டியே கட்சியின் அனுமதி வாங்கிக்கொண்டால் தகுதி நீக்கம் இல்லை. அனுமதி இல்லாமல் மாறி வாக்களித்தாலும், 15 நாட்களுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொண்டுவிட்டால் தகுதி நீக்கம் இல்லை. மனசாட்சி உறுத்துகிற ஒரு மசோதாவில் வாக்கெடுப்பிலிருந்து விலகி நிற்க அனுமதி கேட்டு ஓர் உறுப்பினர் தன் கட்சிக்கு எழுத்தில் கடிதம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அப்படி ஒரு கடிதத்தைப் பற்றிச் செய்தி படித்த நினைவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்?

இரண்டாவது காரணம் வாக்கைப் பற்றியது, பேச்சை அது தொடுவதில்லை. அவைக்குள் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்று நாடாளுமன்றத்துக்கு 105-வது பிரிவும் சட்டமன்றத்துக்கு 194-வது பிரிவும் பாதுகாப்புத் தருகின்றன. ஆக, ஒரு மசோதாவைக் கடுமையாக விமர்சித்துப் பேசிவிட்டு, கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஆதரித்து வாக்களிக்கவும் ஒருவருக்கு வழி இருக்கிறது. இதை இரட்டை வேடம் என்று கிண்டல் செய்வது நியாயமில்லை. பேச்சு அவைக் குறிப்பில் ஏறிவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டம் சிக்கலாகும்போது, எச்சரித்தவர் யார், என்ன காரணம் சொன்னார் என்று எடுத்துப் பார்க்க முடிகிறது. வாயே திறக்காமல் கை மட்டும் தூக்கியவரை விட இவர் எவ்வளவோ மேல்.

கொறடா உத்தரவிலும் தரம் உண்டு. ஒரு வரி உத்தரவு என்றால் வாக்கெடுப்பு இருக்கிறது என்று தகவல் சொல்வது மட்டும். இரண்டு வரி என்றால் அவையில் இருக்க வேண்டும். மூன்று வரி என்றால் இருக்கவும் வேண்டும், கட்சி சொல்கிறபடி வாக்களிக்கவும் வேண்டும். இன்று ஒன்றுமில்லாத மசோதாவுக்கெல்லாம் மூன்று வரி உத்தரவு பறக்கிறது. 1992-ல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் பத்தாவது அட்டவணையைப் பெருமளவு ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம் ஓர் எச்சரிக்கையும் செய்தது. ஆட்சியின் நம்பிக்கை வாக்கெடுப்பு, அல்லது கட்சி மக்களிடம் சொல்லி ஓட்டு வாங்கிய அடிப்படைக் கொள்கை, இவை சம்பந்தப்பட்ட வாக்கெடுப்புகளுக்கு மட்டுமே தகுதி நீக்க ஆயுதம் என்ற பொருளில் அது பேசியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் சீர்திருத்தம் பற்றிய தினேஷ் கோஸ்வாமி குழுவும், பின்னர் 1999-ல் சட்ட ஆணையத்தின் 170-வது அறிக்கையும் கிட்டத்தட்ட இதையே சொல்லின. இதற்கேற்ற திருத்தம் இன்றுவரை வரவில்லை.

வந்த திருத்தமோ நிலைமையை இன்னும் கோணலாக்கியது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் 'பிளவு' என்று இருந்த விலக்கை 2003-ன் 91-வது திருத்தம் எடுத்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியோடு 'இணைந்தால்' பதவி போகாது என்ற விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு மசோதாவில் மனசாட்சிப்படி தனியாக நிற்பவருக்கு வீட்டுக்கு அனுப்பும் தண்டனை. கூட்டமாகக் கட்சியையே மாற்றிக்கொள்பவர்களுக்குப் பாதுகாப்பு. தாவலைத் தடுக்க வந்த சட்டத்துக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

முதல் காரணமும் ஆபத்தானதுதான். கட்சியை விட்டு விலகுகிறேன் என்று கடிதம் எழுதினால்தான் விலகல் என்பதில்லை, நடத்தையிலிருந்தே அதை முடிவு செய்யலாம் என்று 1994-ல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடத்தையை அளப்பது யார்? பேரவைத் தலைவர். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 18-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு 122-க்கு 11 என்று முடிந்தது. எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சியின் 11 பேர் பதவி இழக்கவில்லை. அவர்கள் மீதான மனுக்கள் நாள் கணக்கில்லாமல் கிடந்து, 2020-ல் உச்ச நீதிமன்றம் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. அவையில் எதிர்த்து வாக்களிக்காமல், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் அதே 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை. மாறுபட்டு நிற்க நினைக்கும் உறுப்பினர் எதை எங்கே செய்கிறார் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடையாது. அவைக்குள், விவாதத்தில், மசோதாவின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுவதே பாதுகாப்பு. வெளியே எதிர்க்கட்சி மேடையில் ஏறுவதும், ஆட்சியை மாற்றக் கடிதம் கொடுப்பதும் வேறு கணக்கில் போய்விடும்.

சரி, அவைக்குள் என்னதான் செய்யலாம்? கட்சிக்குக் கிடைக்கும் நேரத்தில் யார் பேசுவது என்ற பட்டியலைக் கொடுப்பது கொறடா. மாற்றுக் கருத்து உள்ளவர் பெயர் அதில் வராது. அதனால் பலர் அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். மசோதாவின் குறிப்பிட்ட பிரிவுக்கு எழுத்தில் திருத்தம் கொடுப்பது அடுத்த வழி. திருத்தம் கொடுத்தவரைப் பிரிவுவாரியான விவாதத்தில் அழைப்பது வழக்கம். மக்களவையில் 377-வது விதியின் கீழ் 250 வார்த்தைக்குள் எழுதிக் கொடுத்து ஒரு விஷயத்தை எழுப்பலாம். 250 வார்த்தைதானே என்று நினைக்கக் கூடாது. அது பதிவாகிறது.

எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவது குழுக்கள். துறைசார் நிலைக்குழுவில் கொறடா உத்தரவு கிடையாது. கதவு மூடிய அறை, கேமரா இல்லை, அதிகாரிகளை நேரடியாகக் கேள்வி கேட்கலாம். அறிக்கையோடு ஒத்துப்போகாத உறுப்பினர் மாறுபட்ட கருத்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அது அறிக்கையின் பின்னால் அச்சாகிறது. அந்தக் குறிப்பு கண்ணியமான மொழியில், அறிக்கையின் எந்தப் பகுதியோடு உடன்பாடு இல்லை என்பதைச் சுட்டி இருக்க வேண்டும். குழுவின் நோக்கத்தைச் சந்தேகித்து எழுதினால் தலைவர் நீக்கிவிட வாய்ப்பு உண்டு. 2025-ல் வக்ஃபு மசோதா மீதான கூட்டுக் குழு அறிக்கையில் எதிர்க்கட்சியினரின் குறிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டு, அவையில் பெரும் கண்டனம் எழுந்த பிறகு சேர்க்கப்பட்டது நினைவிருக்கும். குறிப்பின் நகல் உறுப்பினர் கையில் இருந்ததால்தான் எது நீக்கப்பட்டது என்று வெளியே சொல்ல முடிந்தது. எழுதிக் கொடுப்பவர்கள் நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும், கடைசியில் அதுதான் காப்பாற்றுகிறது.

பேசியும் பயனில்லாமல் போவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். மக்களவை விதி 353-ன்படி ஒருவர் மீது அவதூறான குற்றச்சாட்டு வைப்பதற்கு முன் அவைத் தலைவருக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சருக்கும் அறிவிப்பு தர வேண்டும். விதி 380-ன்படி தகாத, கண்ணியக் குறைவான சொற்களை அவைத் தலைவர் குறிப்பிலிருந்து நீக்கலாம். நல்ல வாதத்தோடு எழுந்தவர் நடுவில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு பெயரைச் சொல்லித் திட்டிவிடுகிறார். அந்த வரிகள் போகின்றன. அதோடு ஒட்டியிருந்த காரணமும் போகிறது. அவையின் நாள் முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றிய அமளியில் கழிகிறது. சர்ச்சைக்குரிய கருத்தைச் சொல்ல எழுபவர் மற்றவர்களை விட நிதானமான மொழியில் பேச வேண்டியது நடைமுறைத் தேவை.

அடுத்தது வாக்கெடுப்பு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போர், 'இல்லை' என்போர், 'ஆம்' என்போரே அதிகம், முடிந்தது. யார் என்ன சொன்னார் என்று எந்தத் தாளிலும் இராது. ஓர் உறுப்பினர் அதை ஏற்காமல் டிவிஷன், அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்டால் மணி அடிக்கிறது. மக்களவையில் மூன்றரை நிமிடம் கழித்துக் கேள்வி இரண்டாவது முறை வைக்கப்படுகிறது. கதவுகள் அடைபடுகின்றன. அதற்குள் உறுப்பினர் தன் இருக்கையில் இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களின்போது டிவிஷன் கேட்டும் தரப்படவில்லை என்று எழுந்த பெரிய சண்டையில், கேட்டவர்கள் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்பதே வாதமாகிப்போனது. மசோதாவே பின்னுக்குப் போய்விட்டது. இன்னொன்று, டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று அவைத் தலைவர் நினைத்தால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி முடித்துவிடலாம். அப்போதும் பெயர்கள் பதிவாவதில்லை. தனியாளாக எதிர்ப்பவருக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான்.

அரசியல் சட்டத் திருத்தத்தில் அப்படி முடியாது. சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் எண்ணிக்கை எடுத்தே ஆக வேண்டும். 2023 செப்டம்பர் 20-ல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. பிற்படுத்தப்பட்ட, முஸ்லிம் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லை என்று காரணம் சொல்லி இரண்டு பேர் எதிர்த்தார்கள். அந்தக் காரணத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் யார், எதற்காக என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 14-ல், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 420-க்கு 1. அந்த ஒருவர் பார்பரா லீ. 60 வார்த்தை கொண்ட அதிகாரப் பகுதிக்கு எல்லையும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை என்பது அவர் சொன்ன ஆட்சேபத்தின் சாரம். அதே வரிகளை வைத்துப் பல நாடுகளில் நடவடிக்கைகள் நியாயப்படுத்தப்பட்ட பிறகு அந்த ஆட்சேபத்தைப் பலரும் எடுத்துப் படித்தார்கள். பெயரும் காரணமும் பதிவில் இருந்ததால் படிக்க முடிந்தது.

சர்ச்சைக்குரிய ஒரு நம்பிக்கையைச் சட்டமாக்கும் வேலையை எப்படிச் செய்வது என்று கேட்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத்தான் காட்டுவேன். பெண்களைத் தாசிகளாகக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் சென்னை மாகாண சட்ட மேலவையில் பேசியபோது மதம், மரபு, கலை, பிழைப்பு என்று எல்லாத் திசையிலிருந்தும் எதிர்ப்பு. அவர் ஒரே அடியில் எல்லாவற்றையும் கேட்கவில்லை. 1927-ல் தீர்மானம். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அவையின் மனதைக் காட்டும். எதிர்ப்பில் உண்மையான பிரச்சினை ஒன்று இருந்தது. கோயில் பணி செய்வதற்காகத் தாசிகள் அனுபவித்து வந்த மானிய நிலம், பணியை நிறுத்தினால் பறிபோய்விடும். அதனால் 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு குறுகிய திருத்தம் வந்தது. பணி செய்யும் கட்டாயம் நீங்கும், நிலம் அவர்களிடமே இருக்கும். பிழைப்பு போய்விடும் என்ற வாதத்தின் பலம் அதில் பெருமளவு குறைந்துபோனது. அதன் பிறகே 1930-ல் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் மசோதா. அந்த ஆண்டே காந்தி கைதானதைக் கண்டித்து அவர் மேலவையிலிருந்து விலகினார். சட்டம் நிறைவேறியது 1947-ல். தீர்மானத்திலிருந்து சட்டத்துக்கு இருபது ஆண்டுகள். எதிராளியின் வாதத்தில் நியாயமான பகுதி எது என்று கண்டுபிடித்து அதற்கு முதலில் வழி செய்த அந்த 1929 திருத்தத்தைக் கொள்கை உறுதி பற்றிப் பேசுகிற ஒவ்வோர் உறுப்பினரும் எடுத்துப் படிக்க வேண்டும்.

பதவியில் இருந்துகொண்டே எதிர்க்க முடியாத கட்டம் வரும்போது விலகுவதற்கும் முறை உண்டு. அம்பேத்கர் 1951 செப்டம்பரில் விலகல் கடிதம் கொடுத்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா நான்கு பிரிவுகள் மட்டும் நிறைவேறிய நிலையில் கைவிடப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அக்டோபரில் அவையில் விளக்கம் தர எழுந்தவரிடம் அறிக்கையின் நகலை முன்கூட்டியே தர வேண்டும் என்று துணைத் தலைவர் கேட்க, அதைத் தணிக்கையாகக் கருதி அவர் வெளியேறினார். அறிக்கை பத்திரிகைகளுக்குப் போனது. திட்டமிடல், தாழ்த்தப்பட்டோர் நிலை, வெளியுறவு, இந்து மசோதா என்று காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருந்தார். இப்போதைய 199-வது விதியில் விலகும் அமைச்சர் அறிக்கையின் நகலை ஒரு நாள் முன்பே தர வேண்டும் என்று இருக்கிறது. தெரிந்துகொண்டு போனால் வாயடைப்பது எளிதல்ல. கைவிடப்பட்ட அந்த மசோதா 1955, 1956-ல் நான்கு சட்டங்களாக வந்தது.

ராஜாஜி இன்னொரு வகை. முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று உடன்பாடு காண வேண்டும் என்று 1942-ல் சொன்னார். அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை நிராகரித்தது. அவர் கட்சியிலிருந்து விலகியதோடு சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் விட்டார். கட்சிச் சின்னத்தில் வென்றுவிட்டுக் கட்சிக்கு எதிராக அந்த இடத்தில் அமர்ந்திருக்கக் கூடாது என்ற கட்டாயம் அன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர் கருத்தோடு உடன்படாதவர்களும் இந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

கருத்தை மாற்றிக்கொள்வதை நம் பத்திரிகைகள் 'பல்டி' என்று எழுதுகின்றன. சில நேரம் அது சரி. எல்லா நேரமும் சரியில்லை. அண்ணா 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். அவையில் அநேகமாக எல்லோரும் எதிர்த்த கருத்து. அதே ஆண்டு சீனப் போர் வந்தது. பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி 16-வது திருத்தம் வந்தபோது அதையும் அவையில் எதிர்த்துப் பேசினார். பின்னர் 1963-ல் கோரிக்கையைக் கைவிட்டார். கைவிட்டதற்குக் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். கோரிக்கை எழுந்ததற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னார். அடுத்த வேலையாக மாநிலங்களின் உரிமை என்ற தளத்துக்கு விவாதத்தை நகர்த்தினார். முன்பு சொன்னதை மறைக்கவில்லை, அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்கவில்லை. நிலைமை மாறியதைக் காட்டி மாறுவதும், விலைபோய் மாறுவதும் ஒரே தலைப்பில் அச்சாவது அநியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசையாமல் நிற்பதாலேயே ஒரு கருத்து மதிப்புப் பெற்றுவிடாது. சக குடிமக்களில் ஒரு பிரிவினர் இந்த நாட்டில் சமமானவர்கள் இல்லை என்று பேசிவிட்டு "என் நம்பிக்கை" என்பவரைத் துணிச்சல்காரர் என்று எழுத வேண்டியதில்லை. 105, 194-வது பிரிவுகளின் பாதுகாப்பு அவைக்குள்தான், பொதுக்கூட்ட மேடைக்கு அது வராது. பணம் வாங்கிக்கொண்டு பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு 1998-ன் பழைய தீர்ப்பை மாற்றிவிட்டது.

தேர்தலுக்கு முன் சொன்னாரா என்பதும் ஒரு சோதனை. பிரான்சில் 1981-ல் மரண தண்டனையை மக்களில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள். மித்தரான் அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போதே, மார்ச்சில், தொலைக்காட்சியில் தான் அதற்கு எதிரானவர் என்று சொல்லிவிட்டார். மே மாதம் வென்றார். நீதி அமைச்சர் பதாந்தேர் கொண்டுவந்த மசோதா செப்டம்பரில் தேசிய அவையில் 363-க்கு 117 என்று நிறைவேறி அக்டோபரில் சட்டமானது. ஓட்டுப் போட்டவர்கள் யாரும் ஏமாந்தோம் என்று சொல்ல இடமில்லை. ஜெயித்த பிறகு திடீரென்று பிறக்கிற கொள்கையை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது அதிகம் இல்லை. ஒரு முக்கிய மசோதா நிறைவேறிய மறுநாள் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் என்ன செய்தார்கள் என்று ஒரு சிறு கட்டம் போடுங்கள். பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா, எப்படி வாக்களித்தார், வரவில்லையா. குழு அறிக்கை வந்தால் பின்னிணைப்பில் உள்ள மாறுபட்ட கருத்துக் குறிப்பிலிருந்து நான்கு வரி. சட்டமன்றத்துக்கும் அப்படியே. குரல் வாக்கெடுப்பாக இருந்தால் அந்தக் கட்டத்தை விட்டுவிடாமல், 'பெயர்கள் பதிவாகவில்லை, டிவிஷன் கேட்டவர் யாரும் இல்லை' என்றோ, 'கேட்டும் தரப்படவில்லை' என்றோ அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அவை நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் வாசகர்